காய்கறியில் மருந்து எச்சம்: மாதிரி எடுப்பது முதல் அறிக்கை படிப்பது வரை

பாவூர்சத்திரத்திலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லோடாக இருந்தாலும் சரி, பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் வாங்கின அரைக் கிலோ கத்தரிக்காயாக இருந்தாலும் சரி, "இதில் மருந்து இருக்கா?" என்று மட்டும் கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் பதில் சொல்ல முடியாது. எந்த மருந்து, எவ்வளவு நுணுக்கமாக, எந்த நாட்டுச் சட்ட வரம்போடு ஒப்பிட வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் வேலை தொடங்கும். கோடி ரூபாய் கருவி பொய் சொல்வது குறைவு. அறிக்கை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்: மாதிரி எடுத்த விதத்தில், அனுப்பிய பெட்டியில், பாதி நிரப்பிய படிவத்தில். ஆகவே வயல் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எங்கே கொடுப்பது

பாளையங்கோட்டையில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பொருள் விதிக்கு உட்படவில்லை என்று முடிவு வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறவும் அதே பிரிவு வழி செய்கிறது. போவதற்கு முன் ஒரு போன் போட்டு, உங்கள் காய்க்கு மருந்து எச்சச் சோதனை அங்கேயே நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பாலில் தண்ணீர், தூளில் சாயம் பார்க்கிற கருவி வேறு, இதற்கான கருவி வேறு.

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகமும், திருவனந்தபுரம் பக்கம் வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகமும் இந்த வேலையையே முழுநேரமாகச் செய்கிறவை. தனியார் ஆய்வகங்களும் நிறைய உண்டு. யாரிடம் கொடுத்தாலும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரையை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. அங்கீகாரச் சான்றிதழோடு ஒரு நீண்ட பட்டியல் இணைந்திருக்கும். அதில் உங்கள் பொருள் வகை, மருந்தின் பெயர், அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீருக்கும் அரிசிக்கும் அங்கீகாரம் வாங்கிய ஆய்வகம் கறிவேப்பிலைக்கும் வாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி பரிசோதனை நிலையத்துக்குக் காயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கே பார்ப்பது கடையில் விற்கும் மருந்துப் பாட்டிலின் தரம்; லேபிளில் போட்டிருக்கும் வீரியம் உள்ளே இருக்கிறதா என்பது. காயில் ஒட்டிய எச்சம் அவர்கள் வேலையில் சேராது.

என்ன பார்க்கச் சொல்வது

"பல எச்சச் சோதனை" என்று ஒன்றைத்தான் ஆய்வகங்கள் முதலில் சொல்லும். ஒரே சாற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் முறை அது. புரோஃபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின், இமிடாகுளோப்ரிட், அசிட்டாமிப்ரிட், ஃபிப்ரோனில், கார்பென்டசிம் எல்லாம் அதில் அகப்படும். அகப்படாதவையும் உண்டு, அவைதான் நம் பக்கம் நிறையப் புழங்குகின்றன. மேன்கோசெப், புரோபினெப், சைரம் போன்ற பூஞ்சாணக்கொல்லிகள் அந்தச் சாற்றில் கரைந்து வராது. அவற்றை அமிலத்தில் சிதைத்து, வெளிவரும் கார்பன் டைசல்ஃபைடை அளக்க வேண்டும். கிளைபோசேட், பாராகுவாட், எத்திபான் மூன்றும் தண்ணீரை விட்டு வராதவை. அவற்றுக்கும் தனி முறை, தனிக் கட்டணம். வாழைத்தார் பழுக்க எத்திபானில் முக்கினார்களா என்று தெரிய வேண்டுமானால் படிவத்தில் அதன் பெயரையே எழுதுங்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்பது மருந்து எச்சச் சோதனையில் தெரியாது. அது வேறு விஷயம்.

விவசாயி தன் காயையே கொடுக்கிறார் என்றால் மருந்துக்கடை பில்லையும், காலிப் பாட்டில்களைப் போட்டோ எடுத்தும் சேர்த்து அனுப்பலாம். கடைப் பெயரை விட லேபிளின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர்தான் ஆய்வகத்துக்கு வேண்டும். ஒரே பாட்டிலில் இரண்டு மருந்து கலந்து வருவது இப்போது சாதாரணம். அடித்த தேதி, அளவு, ஒட்டுப்பசை கலந்தீர்களா, பிறகு மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் பிடித்திருக்கும்போது எடுத்த மாதிரியும், பங்குனி வெயிலில் எடுத்த மாதிரியும் ஒரே வயலுக்கு வேறுவேறு எண் தரும்.

எச்சம் என்றால் அடித்த மருந்து மட்டும் இல்லை; அது சிதைந்து பிறந்ததும் சேரும். அசிஃபேட் அடித்தால் மெத்தாமிடோபாஸ் வரும். ஃபிப்ரோனில் அடித்தால் அதன் சல்போனும் கணக்கு. எண்டோசல்பான் என்றால் ஆல்பா, பீட்டா, சல்பேட் மூன்றையும் கூட்ட வேண்டும். "நான் மெத்தாமிடோபாஸே வாங்கலையே" என்று அறிக்கையைப் பார்த்துச் சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

தடைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். எண்டோசல்பான் 2011-ல் நின்றது. மோனோகுரோட்டோபாஸ் காய்கறியில் அடிக்க வெகுநாளாகத் தடை. டிரையசோபாஸ், போரேட், டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுக்க இல்லை. இவற்றில் எது வந்தாலும், பழைய சரக்கு ஓடுகிறதா அல்லது பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டி அளவுகளைப் பின்பற்றினால் பெரும்பாலான இடங்களில் கேள்வி வராது. பச்சை மிளகாய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) மாதிரி ஒன்று 25 கிராமுக்குக் குறைவான காய் என்றால் 1 கிலோ. கத்தரி, தக்காளி, எலுமிச்சை, முருங்கைக்காய், வாழைப்பழம் மாதிரி 25-லிருந்து 250 கிராம் வரை உள்ளது என்றால் குறைந்தது 10 காய், அதுவும் 1 கிலோவுக்குக் குறையாமல். முட்டைக்கோஸ், தடியங்காய் (வெண்பூசணி) மாதிரிப் பெரியவை 5 காய், 2 கிலோவுக்குக் குறையாமல். ஐந்து தடியங்காய் தூக்குவது கஷ்டம்தான். அதற்காக வயலிலேயே வெட்டித் துண்டு போட்டு அனுப்பாதீர்கள். வெட்டின இடத்தில் சாறு வழியும், மருந்தும் அதோடு போகும், மீதியைத் தோலின் நொதிகள் சிதைக்கும். எதிரெதிர்க் கீற்றாக அறுத்துக் குறைப்பது ஆய்வகத்தின் மேசையில் நடக்க வேண்டிய வேலை. பச்சைக் கொத்தமல்லி, புதினா அரைக் கிலோ போதும். அரிசி, பருப்பு 1 கிலோ.

எத்தனை இடத்திலிருந்து என்பதுதான் முக்கியம். 50 கிலோவுக்குக் குறைந்த சரக்கென்றால் 3 இடம், 500 கிலோ வரை 5, அதற்கு மேல் 10. மேலே கிடக்கும் சாக்கிலிருந்து மட்டும் கை விட்டு எடுத்தால் ஒரே விவசாயியின் காய்தான் வரும். கமிஷன் கடையில் குவித்திருக்கும் கத்தரிக்காய் நாலு ஊர் வயல் கலந்தது. அதைச் சோதித்துக் கிடைக்கும் எண் அந்தக் குவியலுக்கு உண்மை. எந்த ஒரு வயலையும் அது குற்றம் சொல்லாது, காப்பாற்றவும் செய்யாது.

வயலில் எடுக்கும்போது வரப்போரத்து இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். விசைத்தெளிப்பானோடு திரும்புகிற இடத்தில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருக்கும். பக்கத்து வயலின் மருந்து வந்து படிவதும் ஓரத்தில்தான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, செடிக்கு ஒன்றாக, மேல் காய், நடுக் காய், கீழ்க் காய் என்று மாற்றி மாற்றிப் பறிக்க வேண்டும். விற்பனைக்குப் பறிக்கும் பக்குவத்தில் உள்ள காயாக இருக்கட்டும். பிஞ்சில் எச்சம் அதிகமாகத் தெரியும். காய் பருக்கப் பருக்க அதே மருந்து அதிக எடையில் பரவிக் குறைந்துபோகும். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தாரில் எடுப்பவர்கள் ஒரே சீப்பைப் பிய்த்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். பத்துத் தாரிலிருந்து ஒவ்வொரு பழமாக, மேல் சீப்பு, கீழ்ச் சீப்பு கலந்து எடுப்பதுதான் முறை. வரம்பு முழுப்பழத்துக்கு, தோலோடு. தண்டில் ஊசி போட்ட ஊடுருவும் மருந்து சதைக்குள்ளும் இருக்கும் என்பதால் தோலை உரித்துக் கொடுத்தால் உங்களுக்குச் சாதகம் என்று எண்ண வேண்டாம்.

கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. மண் ஒட்டிய கிழங்கு, உள்ளியில் மண்ணை லேசாகத் தட்டிவிடலாம். உள்ளியின் வேரையும் தானாக உதிரும் சருகையும் ஆய்வகத்தில் எடுத்துக்கொள்வார்கள். அழுகினதைச் சேர்க்காதீர்கள்.

கை சுத்தம் என்பதற்கு இங்கே வேறு அர்த்தம். கொசுவிரட்டி கிரீம் தடவிய கையால் காயைத் தொட்டால் அந்த ரசாயனம் அறிக்கையில் ஏறும். சானிடைசரில் பென்சால்கோனியம் குளோரைடு இருந்தால் அதுவும் ஏறும். பீடி பிடித்த விரலின் நிகோட்டினைக்கூட இந்தக் கருவிகள் பிடித்துவிடும். புதுக் கையுறை போட்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்றுங்கள். மருந்து தெளித்த சட்டையோடு மாதிரி எடுக்கப் போகாதீர்கள். உரச் சாக்கு, மருந்து வந்த அட்டைப்பெட்டி, டிக்கியில் மருந்து கேனோடு வந்த பை, எதுவும் கூடாது.

செலவைக் குறைக்க ஐந்து விவசாயிகளின் காயைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் பழக்கம் உழவர் குழுக்களில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். நாலு பேர் காயில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது காயில் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம். கலந்தால் 0.008. வரம்பு 0.01 என்றால் லோடு முழுக்கத் தேறிவிடும், அந்த ஒருவர் சாக்கு மட்டும் எல்லையில் தனியாகச் சோதிக்கப்பட்டால் மாட்டும். கலந்து பார்ப்பதென்றால் வரம்பை ஆளெண்ணிக்கையால் வகுத்து, அந்த அளவுக்கு மேல் எது வந்தாலும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் காயிலும் பாதியைத் தனியாக ஃப்ரீசரில் வைத்திருப்பது அவசியம்.

கட்டுவதும் அனுப்புவதும்

புது ஜிப்-லாக் கவர், இரண்டு அடுக்கு. உள் கவரில் காய், இரண்டுக்கும் நடுவில் சீட்டு. சீட்டைக் காயோடு போட்டால் ஈரத்தில் எழுத்து அழியும். பொருள், இடம், தேதி, நேரம், எடை, எடுத்தவர் கையெழுத்து எழுதி, கவர் வாயில் ஒட்டுத்தாள் ஒட்டி அதன் மேலும் கையெழுத்து. தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பாக்கெட் வைத்து அனுப்புங்கள். ஐஸ்கட்டி போட்டால் உருகி, தண்ணீர் காயைக் கழுவிவிடும். சித்திரையில் பஸ் பார்சலில் ஏற்றிய பெட்டி சென்னை சேரும்போது உள்ளே என்ன வெக்கை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பறித்த மறுநாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; முடியாவிட்டால் உறையவைத்தே அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு பார்சல் ஆபீசில் கிடக்கும். திங்கள், செவ்வாயில் அனுப்புவதே நல்லது.

ஆய்வகத்துக்குள்

காய் வந்ததும் மேன்கோசெப் வகைக்கான பங்கைப் பெரிய துண்டாக நறுக்கி முதலில் ஒதுக்கிவிடுவார்கள். அரைத்தால் செல் உடைந்து சாறு பட்டு அது சிதைந்துபோகும். மீதி முழுவதையும், ஒரு கிலோ என்றால் ஒரு கிலோவையும், அரைக்க வேண்டும். நாலு காயை மட்டும் எடுத்து அரைப்பது வயலில் பத்து இடத்தில் எடுத்த உழைப்பை வீணாக்கும். காயை உறையவைத்து, டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டு அரைத்தால் ரவை மாதிரி உதிரியாக வரும். அறை வெப்பத்தில் மிக்ஸி ஓட்டினால் தோல் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம் பிரியும். கேப்டான், குளோரோதலோனில் அந்தச் சூட்டிலேயே போய்விடும். டிரை ஐஸோடு அரைத்ததை மூடி இறுக்காமல் ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள், வாயு வெளியேறட்டும். இறுக்கி மூடிய பாட்டில் வெடித்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மருந்தைக் காயிலிருந்து கரைப்பானில் சாறாக இறக்கும் முறையின் பெயர் க்வெச்சர்ஸ் (QuEChERS), 2003-ல் வெளியானது. ஐரோப்பியத் தர முறை இ.என். 15662-ன் அளவு: 50 மி.லி. குழாயில் 10 கிராம் அரைத்த காய், 10 மி.லி. அசிட்டோநைட்ரைல், அளவு தெரிந்த உள் அடையாளப் பொருள் (வழியில் எவ்வளவு இழந்தது என்று காட்ட). ஒரு நிமிடம் குலுக்கு. பிறகு மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 1 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் அரைக் கிராம் போட்டு, போட்ட கையோடு மறுபடி ஒரு நிமிடம் குலுக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. மெக்னீசியம் சல்ஃபேட் தண்ணீரைப் பிடிக்கும்போது குழாய் கைக்குச் சுடும். கரைப்பான் ஊற்றும் முன் உப்பைப் போட்டாலோ, போட்டுவிட்டு அடுத்த குழாயைத் தேடினாலோ, அது அடியில் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி, நடுவில் சிக்கிய காய் வெளியே வராது. இருபது குழாய்க்கு ஒருவரே உப்புப் போட்டுவிட்டுக் கடைசியில் சேர்த்துக் குலுக்குகிற ஆய்வகத்தில் கடைசிக் குழாயும் முதல் குழாயும் ஒத்துப்போகாது. பிறகு சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுழற்றினால் மேலே அசிட்டோநைட்ரைல், கீழே தண்ணீர், நடுவில் நார்.

முறை 10 கிராம் தண்ணீர் உள்ள காயை மனதில் வைத்து எழுதியது. வாழைப்பழத்தில் முக்கால்வாசிதான் தண்ணீர் என்பதால் சுமார் 2.5 மி.லி. சேர்க்க வேண்டும். அரிசிக்கு 5 கிராம் மாவு, 10 மி.லி. தண்ணீர். மிளகாய் வத்தல், மல்லி என்றால் 2 கிராம், 10 மி.லி. தண்ணீர், ஊறவைத்த பிறகே கரைப்பான். 10 கிராமுக்குப் பதில் 2 கிராம் எடுத்ததால் கண்டுபிடிக்கும் திறன் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. வத்தலில் 0.01 வரை பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆய்வகத்திடம் அதற்கான சரிபார்ப்புத் தரவைக் கேட்டு வாங்கலாம். புளியங்குடி எலுமிச்சைக்கு வேறு தொல்லை. புளிப்பு அதிகம் என்பதால் 5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 600 மைக்ரோலிட்டர் சேர்த்து அமிலத்தைச் சரிப்படுத்த வேண்டும். அதன் தோல் மெழுகை, சாற்றை ஒரு ராத்திரி மைனஸ் 20 டிகிரியில் வைத்து உறைத்து எடுப்பார்கள்.

அடுத்தது சுத்திகரிப்பு. ஒரு மி.லி. சாற்றுக்கு 150 மி.கி. மெக்னீசியம் சல்ஃபேட், 25 மி.கி. பி.எஸ்.ஏ. என்ற உறிஞ்சு தூள். சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் பி.எஸ்.ஏ. பிடித்துக்கொள்ளும். 2,4-டி போன்ற அமிலக் களைக்கொல்லிகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். அவை வேண்டுமானால் சுத்திகரிக்காத சாற்றைத்தான் பார்க்க வேண்டும். முடித்த சாற்றில் மி.லி.க்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் 5 சதவீத ஃபார்மிக் அமிலம் விடாவிட்டால், காரத்தில் நிலைக்காத மருந்துகள் ராத்திரியோடு சிதைந்துபோகும்.

கறிவேப்பிலை வந்தால்தான் ஆய்வகத்தின் சாமர்த்தியம் தெரியும். உப்புப் போட்டுச் சுழற்றின குழாயின் மேல் அடுக்கு பாசிக்குளத்துத் தண்ணீர் மாதிரி கரும்பச்சையாக நிற்கும். அப்படியே கருவியில் செலுத்தினால் முன்முனை கண்ணாடிக்குழல் பழுப்பேறி, பத்து முறை செலுத்துவதற்குள் டைமெத்தோயேட் மருந்துக்குத் திரையில் எழும் சிகரம் வால் நீண்டு தேய்ந்துபோகும். பச்சையை எடுக்கக் கரித்தூள் வேண்டும்: மி.லி.க்கு 7.5 மி.கி., இரண்டு நிமிடம் குலுக்கல். சாறு வெளிறிவரும், கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதுதான் கைவந்த ஆளின் வேலை. பளிச்சென்று தண்ணீர் நிறமாக வந்தால் சந்தோஷப்படக் கூடாது. தட்டையான மூலக்கூறு கொண்ட குளோரோதலோனில், தையபென்டசோல் போன்றவற்றைக் கரி தன்னோடு இழுத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க முன்கூட்டியே டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஆந்த்ரசீன் என்ற தட்டையான அடையாளப் பொருளைச் சேர்ப்பார்கள். கரி அதைப் பெரிதாக விழுங்காமல் 70 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தால் மற்றவையும் தப்பியிருக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியக் கறிவேப்பிலையை எல்லையில் மருந்து எச்சத்துக்காக அதிக விகிதத்தில் நிறுத்திச் சோதிப்பதால், இதில் சறுக்கினால் இழப்பு பெரிது.

சாற்றில் உள்ள மருந்துகளைப் பிரித்து அளக்கும் குரோமடோகிராஃப் கருவிகள் இரண்டு. இமிடாகுளோப்ரிட், கார்பென்டசிம், எமாமெக்டின் எல்லாம் திரவ வகைக் கருவியில். சைபர்மெத்ரின், எண்டோசல்பான், குளோரோதலோனில் வாயு வகையில். குளோர்பைரிபாஸ் இரண்டிலும் வரும். ஒன்று மட்டும் வைத்திருக்கும் ஆய்வகம் பாதிப் பட்டியலைத்தான் பார்க்கிறது. சைபர்மெத்ரின் திரையில் ஒற்றைச் சிகரமாக வராது. மாற்றியங்கள் (அதே மருந்தின் வேறு வடிவங்கள்) நாலாக, ஒன்றையொன்று ஒட்டின நாலு மேடாக எழும். நாலையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஒரு சிகரம் தெரிந்தால் மட்டும் மருந்து என்று எழுதிவிட முடியாது. வெளிவரும் நேரம் தரப்பொருளோடு 0.1 நிமிடத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அயனி மாற்றங்கள் (மருந்து மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளின் அடையாளம்) தெரிய வேண்டும். அவற்றின் விகிதம் 30 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும்.

அளவிடும் தரக்கரைசலை வெறும் கரைப்பானில் செய்தால் எண் ஏமாற்றும். காயின் சாறு சில மருந்தின் சமிக்ஞையை அமுக்கும், சிலதை ஊதிவிடும். அதே வகை மருந்தில்லாக் காயின் சாற்றில் தரக்கரைசல் செய்வதுதான் வழி. வீட்டு முற்றத்தில் நிற்கும் கறிவேப்பிலை மரத்துக்கு ஆய்வகங்களில் இவ்வளவு மரியாதை இருப்பது அதனால்தான்.

ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு மீட்புச் சோதனை ஓட வேண்டும். மருந்தில்லாத 10 கிராம் காயில் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் உள்ள கரைசலை 100 மைக்ரோலிட்டர் விட்டால் சரியாக 0.01 மி.கி./கிலோ. அரை மணி ஊறவிட்டு மாதிரியைப் போலவே நடத்தினால் 70-லிருந்து 120 சதவீதம் வரை திரும்ப வர வேண்டும். 40 வந்த தொகுதியில் "கண்டறியப்படவில்லை" என்ற வரிக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

கார்டு சோதனை

சந்தையில் பத்து நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டும் நொதி அட்டைகள் விற்கின்றன. அவை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகளை மட்டும் காட்டும். சைபர்மெத்ரின், இமிடாகுளோப்ரிட், பூஞ்சாணக்கொல்லி எதற்கும் அட்டை அசையாது. உள்ளி, பூண்டு, முள்ளங்கியில் இயற்கைச் சாறே நொதியை முடக்கிப் பொய்யாகக் குற்றம் சொல்லும். அட்டையைக் கடை மேசையில் வெயில் படப் போட்டு வைத்தால் நொதி செத்து, எல்லாக் காயிலும் மருந்து தெரியும். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் விட்ட அட்டை ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள். லோடு ஏற்றும் முன் சந்தேகச் சாக்கை ஒதுக்க உதவும். யாரிடமும் காட்டி வாதாட உதவாது.

அறிக்கையைப் படிப்பது

அலகு மி.கி./கிலோ. 0.01 என்பது நூறு டன் காயில் ஒரு கிராம் மருந்து. பத்து டன் லாரி பத்துக்கு ஒரு கிராம். இந்தியாவில் ஒரு காய்க்கும் மருந்துக்கும் தனி வரம்பு நிர்ணயிக்காத இடத்தில் இந்த 0.01-தான் வரம்பு. ஐரோப்பாவிலும் அப்படித்தான். ஆனால் நிர்ணயித்த வரம்புகள் இரண்டு இடத்திலும் வேறு. இங்கே தேறின குளோர்பைரிபாஸ் அங்கே தேறாது, அங்கே 2020-லிருந்து அதற்கு 0.01 மட்டுமே. ஆகவே எந்த நாட்டு வரம்போடு ஒப்பிட்டார்கள் என்ற பத்தியை முதலில் பாருங்கள்.

"கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதன் பக்கத்தில் அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்று பாருங்கள். 0.05 வரைதான் பார்த்திருந்தால், 0.01 வரம்புக்கு அந்த வரி பதில் ஆகாது. தேடிய மருந்துகளின் முழுப் பட்டியல் இணைப்பாக வர வேண்டும். "மருந்து இல்லை" என்று ஒரே வரியில் வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். அங்கீகார எல்லைக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும், அதையும் கவனியுங்கள்.

0.018 என்று வந்து, நிச்சயமின்மை 50 சதவீதம் என்றால் உண்மை அளவு 0.009-க்கும் 0.027-க்கும் இடையில். ஐரோப்பிய அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கும் முன் இதைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். காய் வாங்கும் கம்பெனி கழிக்காது. ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளியிலும் முட்டைக்கோசிலும் மேன்கோசெப் வகை கொஞ்சமாக வந்திருந்தால் உடனே நம்ப வேண்டாம். அவற்றின் கந்தகச் சேர்மங்களே அமிலத்தில் கார்பன் டைசல்ஃபைடைத் தரும். மருந்தே அடிக்காத அதே வகைக் காயை இணையாக ஓட்டிக் கழித்தார்களா என்று கேளுங்கள்.

வரம்பைத் தாண்டினால்

அறுவடைக்கு முன் பார்த்ததென்றால் பறிப்பதை நிறுத்தி, லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தோடு (அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது) தேதியை ஒப்பிடுங்கள். சில நாள் விட்டு அதே முறையில் மறுமாதிரி எடுங்கள். சரக்கு ஏற்கெனவே கடையில் இருந்தால் ஆய்வகத்தில் உறைநிலையில் உள்ள மீதியிலிருந்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். அதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்த மாதிரி என்றால் விதி வேறு. அவர் நாலு பாகமாகப் பிரித்து முத்திரையிடுவார். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம். நாலாவதை, நீங்கள் கேட்டு, உங்கள் செலவில், அங்கீகரித்த வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இதை மாதிரி எடுக்கும் அந்த நேரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். பகுப்பாய்வாளரின் அறிக்கை 14 நாளில் வர வேண்டும். அதன் மேல் முறையீடு செய்ய உங்களுக்கு 30 நாள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் ஆலங்குளம், சங்கரன்கோவில், புளியங்குடிக்காரர்கள் மனுவைத் தென்காசி நியமன அலுவலரிடம் கொடுக்க வேண்டும். பழைய ஞாபகத்தில் திருநெல்வேலிக்குப் போய் அலைந்தால் அந்த 30 நாளில் சில நாள் கழிந்துவிடும்.